ஆரணிக்குப் போன ஆறு பஸ்

போன வாரம் உங்கள் ஆபீஸ் தளத்துக்கு வந்தபோது ஒரு தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னப்பா என்றேன். அவன் மெஷினில் ஒரே பெயரில் இரண்டு கருவிப் புரோகிராம் இருக்கிறதாம். ஒன்றைக் கூப்பிட்டால் இன்னொன்று ஓடி வருகிறதாம். “சும்மா புரோகிராம் கட்டறப்ப வந்த ஒரு பில்ட் எரர்தான் மேடம், யாருக்கும் ஒண்ணும் ஆகல” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே தப்பை நான் செஞ்சியில் செய்தபோது ஒரு அமாவாசைப் பகலில் ஆறு பஸ் காலியாக ஆரணிக்குப் போனது. கூடவே ஒரு பெண்ணின் வேலையும் போகப் பார்த்தது. ரிட்டையர் ஆனவளைப் பேசவிட்டால் நிறுத்தமாட்டாள் என்று நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரியாமல் இல்லை. டீயை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எண்பதுகளின் கடைசி. செஞ்சியில் ஒரு தனியார் பஸ் கம்பெனி. அதில் நான் கம்ப்யூட்டர் மேடம். சென்னையில் படித்துவிட்டு பஸ் கம்பெனிக்கா போகிறாய் என்று எங்கள் சொந்தத்தில் கேட்காத வாய் கிடையாது. எங்கள் முதலாளி, மூடிப்போன ஏதோ ஒரு மில்லின் ஏலத்தில் பீரோ அளவுக்கு ஒரு யூனிக்ஸ் மெஷினை எடுத்து வந்திருந்தார். மாடியில் ஒரு அறை கட்டி, ஏசி போட்டு, அதற்குள் அதை உட்கார வைத்தார். அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு குளிர்ந்த அறை வேறு இல்லை. கோட்டை ஏறி இறங்கி வந்த முதலாளி வீட்டு விருந்தாளிகள் எல்லாம் மெஷின் பார்க்கிற சாக்கில் வந்து அரைமணி நேரம் வியர்வை ஆற்றிக்கொண்டு போவார்கள்.

மாடியில் மெஷின். கீழே ஷெட்டில் ஜன்னல் ஓரமாக டைம் கீப்பர் காதர் பாய். அவர் மேஜையில் பிரிண்டர். மாடியில் கட்டளை அடித்தால் கீழே டிரிப் சீட்டு அச்சாகும். எந்த வண்டி, எந்த ஊர், எத்தனை மணி என்று அதில் இருக்கும். காதர் பாய் அதைக் கிழித்து டிரைவரிடம் கொடுப்பார். வண்டி கிளம்பும்.

இந்தச் சீட்டுக்கு அங்கே இருந்த மரியாதையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்னால் காதர் பாய் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தினமும் சண்டை. அவனுக்கு மட்டும் ஏன் திருவண்ணாமலை, எனக்கு மட்டும் ஏன் குண்டும் குழியுமான ரோடு, அவன் உன் மச்சான் வழியா பாய் என்று டிரைவர்கள் பிடித்துக்கொள்வார்கள். மெஷின் வந்த அன்றைக்கு முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “மெஷினுக்கு மச்சான் கெடையாது. சீட்டு வந்தா வண்டி கெளம்பணும். எதுக்கு, ஏன்னு ஒரு பய கேக்கக் கூடாது.” அன்றிலிருந்து யாரும் கேட்கவில்லை. காதர் பாய் முக்கியமாகக் கேட்கவில்லை.

சீட்டுக் கட்டளைகளை எழுதியவள் ஸ்டெல்லா. பக்கத்துக் கிராமத்துப் பெண், என் வயதுதான், டைப்பிங் பாஸ் செய்துவிட்டு வேலைக்கு வந்தவள். மெஷினை நிறுவ வந்த இன்ஜினியர் விட்டுப்போன தடிமனான புத்தகத்தைத் தானே படித்து, ஊருக்கு ஒரு கட்டளை என்று எழுதி வைத்திருந்தாள். நின்று அடிக்க நேரமில்லாத வேலை, அதனால் ஊரின் பெயரை இரண்டு இங்கிலீஷ் எழுத்தாகச் சுருக்கிவிடுவாள். இரண்டு எழுத்தைத் தட்டினால், சும்மா நிற்கிற வண்டிகளின் பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்து, அடுத்துக் கிளம்பக்கூடிய நேரத்தைப் போட்டு, சீட்டு அடித்துவிடும். அழகான வேலை. அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு மனசு வரவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். அப்போது என் கணக்கில் அவள் டைப்பிஸ்ட், நான் புரோகிராமர்.

நான் சேருவதற்கு முன்னால் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சேத்துப்பட்டுக்கு அவள் சி, பி என்று இரண்டு எழுத்து வைத்திருந்தாளாம். யூனிக்ஸில் நகல் எடுக்கிற கட்டளையும் அதேதான் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் இன்ஜினியர் ஒரு கோப்பை நகல் எடுக்கப் போனால் நகல் வரவில்லை, கீழே சேத்துப்பட்டுக்குச் சீட்டு வந்தது. ஏன் அப்படி என்றால், பெயரைக் கேட்டதும் மெஷின் தனக்குள் கட்டளைகளை அடுக்கி வைத்திருக்கிற இடங்களில் அலமாரி அலமாரியாகத் தேடும், முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை எடுத்து ஓட்டும். எல்லோருக்கும் சட்டென்று கிடைக்கட்டும் என்று ஸ்டெல்லாவின் அலமாரியை அந்த இன்ஜினியர்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருந்தார். சிரித்துவிட்டு சேத்துப்பட்டுக்கு இன்னொரு எழுத்தைச் சேர்த்துக் கொடுத்து ஊர் போய்ச் சேர்ந்தார். மற்ற ஊர்களை அவர் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இந்தக் கதையை எனக்குச் சொன்னார்கள். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். நானும் மற்ற ஊர்களைப் பார்க்கவில்லை.

சரி, கம்பைலருக்கு வருகிறேன். நாம் எழுதுகிற புரோகிராமை மெஷின் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்றித் தருகிற கம்பைலர் இருக்கிறதே, மெஷினோடு வந்த அது ஒரு நோயாளி. என் புரோகிராம் கொஞ்சம் பெரிதானாலே வகுத்தலில் தப்பு விடும். பஸ் நேர அட்டவணை போட்டுக் கொடு என்றால் இருபத்தைந்து மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி கிளம்பும் என்று போட்டுக் கொடுத்தது. அதைப் பார்த்து முதலாளி, “மேடம், அந்த வண்டிக்கு நீங்களே கண்டக்டரா போங்க” என்றார். விற்ற கம்பெனியோ கடையைக் கட்டிவிட்டது. என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது சென்னையில் என்னோடு படித்த தோழி ஒருத்தி, இலவசமாகக் கிடைக்கிற ஒரு கம்பைலரின் மூலப் புரோகிராமை டேப்பில் அனுப்பினாள். அதை எங்கள் மெஷினிலேயே, அந்த நோயாளிக் கம்பைலரை வைத்தே கட்டி எடுக்க வேண்டும். கட்டி எடுத்த பிறகு, பழையதின் தப்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் புதியதை வைத்து அதையே மறுபடியும் ஒருமுறை கட்ட வேண்டும். முதல் கட்டத்துக்கே நாலைந்து மணி நேரம் ஆகும். டிஸ்க்கில் இடம் பண்ணி, தயாராகி, நான் தேர்ந்தெடுத்த நாள் அமாவாசை.

அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயில். மத்தியானத்திலிருந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் இருக்காது. எலுமிச்சம்பழமும் கட்டுச்சோறும் கைக்குழந்தையுமாக ஜனம் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அவர்களுக்காக எட்டு வண்டிகளைக் காலையிலிருந்தே ஒதுக்கிக் கழுவி, குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தார்கள்.

நான் டேப்பைக் கையில் எடுத்ததுமே ஸ்டெல்லா சொன்னாள். “இன்னிக்கு வேணாம் மேடம். அமாவாச. நாளைக்கு ஓட்டிக்கலாமே.”

“அது பாட்டுக்கு ஒரு ஓரமா ஓடும் ஸ்டெல்லா. உன் சீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது” என்றேன்.

சம்பந்தமே கிடையாது. இந்த இரண்டு வார்த்தையை நம் தொழிலில் யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து போய்விடுங்கள் பிள்ளைகளே. சொன்னவர் நானாக இருந்தாலும் சரி.

காலை ஏழரைக்கு ஓட விட்டேன். திரையில் வரி வரியாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது, பத்து என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு தப்பும் இல்லை. பெருமையில் பசி வந்துவிட்டது. பதினொன்றுக்குக் கீழே இறங்கி, பஸ் ஸ்டாண்டு எதிரில் இட்லி சாப்பிட்டு, ஒரு டீயும் வாங்கிக்கொண்டு நின்றேன். எங்கள் வண்டி ஒன்று ஆரணி போர்டு போட்டுக்கொண்டு காலியாகப் போனது. டீ பாதி குடிப்பதற்குள் இன்னொன்று போனது, அதுவும் ஆரணி, அதுவும் காலி. ஆரணியில் யாருக்கோ பெரிய இடத்துக் கல்யாணம் போல, முதலாளி வண்டி விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது போனபோது பரவாயில்லையே, பெரிய சம்பந்தம்தான் என்று நினைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஷெட்டுக்குத் திரும்பினால் காதர் பாயின் ஜன்னலில் ஒரு ஆள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எதிர் கம்பெனி கண்டக்டர் அந்தோணி. ஸ்டெல்லாவின் புருஷன். பெண்டாட்டி ஒரு கம்பெனி, புருஷன் போட்டிக் கம்பெனி. வீட்டில் ஒரே அடுப்பு, ரோட்டில் பரம எதிரிகள்.

“இன்னா பாய் இது? பதினொன்னே கால் எங்க டைம். அதுல உங்க வண்டி போவுது. பின்னாடியே இன்னொண்ணு போவுது. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. ஆரணில இன்னா எலெக்சனா?”

காதர் பாய் அசையவில்லை. “சீட்டு வந்துச்சு, வண்டி போச்சு. எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். எனக்கு அந்த அதிகாரம் இல்ல.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பிரிண்டர் கரகரவென்று ஓடியது. பாய் கிழித்தார். “அடுத்தது ஆரணி” என்று டிரைவரைக் கூப்பிட்டார். அந்தோணி தலையிலே கை வைத்துக்கொண்டார். நான்காவது வண்டி கிளம்பியது. சற்று நேரத்தில் ஐந்தாவது.

அப்போதுதான் முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். எட்டு வண்டி நின்ற இடத்தில் மூன்று நின்றன. பஸ் ஸ்டாண்டில் மலையனூர் ஜனம் இடித்துக்கொண்டு நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. சீட்டுக் கட்டளை எல்லாம் யாருடையது? ஸ்டெல்லாவுடையது. எங்கள் வண்டி இல்லாவிட்டால் கூட்டத்தை அள்ளப்போவது யார்? எதிர் கம்பெனி. அதில் கண்டக்டர் யார்? ஜன்னலிலேயே நிற்கிறார். இதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்?

“பொண்டாட்டி வண்டிய ஊரவுட்டு அனுப்புறா. புருசன் வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி சண்ட போடுறான். டிராமா நல்லா இருக்குதுய்யா” என்றார்.

சத்தம் கேட்டு ஸ்டெல்லா சாப்பாட்டு அறையிலிருந்து கை கழுவாமலே வெளியே வந்தாள். “மொதலாளி, நான் அடிக்கல. நான் அரமணி நேரமா மேல போகவே இல்ல.”

“நீ அடிக்கலன்னா பேயா அடிச்சிது?”

காதர் பாய் தாடியைத் தடவினார். “அமாவாச பாருங்க மொதலாளி. எதுக்கும் மெஷினுக்கு ஒரு எலுமிச்சம்பழம்...”

“நீ சும்மா இருய்யா. ஏம்மா, மேஜ சாவிய வச்சிட்டு கெளம்பு. நாளையிலருந்து வர வேணாம்.”

அந்தோணி பேச வாயைத் திறந்தார். அவர் எதைப் பேசினாலும் அது இன்னொரு சாட்சியாகிவிடும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், மூடிக்கொண்டார். ஸ்டெல்லாவின் மாமியார், அப்பா, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் அவள் சம்பளத்தை நம்பி இருந்தவர்கள் என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆளாளுக்கு அங்கிருந்து மெல்ல நகர்ந்தார்கள். நானும்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அவள்மேல் ஒரு சந்தேகம் வந்தது. மேலே போய் மெஷினில் பார்த்து ஆதாரத்தோடு வருகிறேன், முதலாளி என்னைப் பாராட்டுவார் என்று படியேறினேன்.

என் திரையைப் பார்த்தேன். கம்பைலருக்கு வேண்டிய சின்னச் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டி, ஒவ்வொன்றையும் ஒரே மூட்டையில் போட்டு வைக்கிற இடத்துக்கு வேலை வந்திருந்தது. மூட்டை கட்டுகிற கருவியின் பெயர் ஏ, ஆர். ஆரணிக்கு ஸ்டெல்லா வைத்திருந்த இரண்டு எழுத்தும் அதுவே. ஒவ்வொரு துண்டுக்கும் ஒருமுறை அதைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் திரையில் அதன் கீழே ஒரு வரி பதில் வந்திருந்தது. ஆரணி, வண்டி எண், நேரம், சீட்டு அச்சானது. ஆரணி, அடுத்த வண்டி எண், சீட்டு அச்சானது. ஐந்து முறை. ஆறாவது துண்டு கட்டிக்கொண்டிருந்தது. இன்னும் இருபதோ என்னவோ பாக்கி இருந்தது.

கட்டுகிற வேலையை நிறுத்தினேன். அது சரியான காரியம். அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? திரையை அழித்தேன்.

யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் போனது. வெறுமையாக ஒரு திரை, மூலையில் ஒரு புள்ளி மினுக்கிக்கொண்டு. ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் அலமாரி வரிசையை மாற்றிவிட்டால் போதும், ஒரே ஒரு வரி, பிறகு இது நடக்கவே நடக்காது. முதலில் சரி செய்வோம், நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம், முதலாளி கோபம் ஆறட்டும், ஸ்டெல்லாவை ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிட வைக்கலாம் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பார்களே, அந்த நிலை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எத்தனையோ பேரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். பாவம் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

கதவு திறந்தது. ஸ்டெல்லா. தன் குடையை எடுக்க வந்திருந்தாள். அழுகையெல்லாம் இல்லை, முகம் கல்லாக இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவள் திரும்பினாள்.

“மூணு மணிக்கு வளத்தி ஊரு வண்டிக்கு சீட்டு போடணும் மேடம். நீங்க போட்டுடுங்க. இல்லன்னா ஸ்கூல் புள்ளைங்க ரோட்டுலயே நிக்கும்.”

வேலையை விட்டுத் துரத்தப்பட்டவள் சொல்கிறாள். எனக்கு வெட்கத்தில் உடம்பே எரிந்தது. அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

“இரு ஸ்டெல்லா. நான்தான்” என்றேன்.

“இன்னா நீங்க?”

“ஆரணிக்கு வண்டி அனுப்பினது நான்தான். என் கம்பைலர் அனுப்பிச்சு.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்கும் ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ. கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனேன். ஷெட் நடுவில், எல்லோரும் கேட்க, முதலாளியிடம் சொன்னேன். கருவி, மூட்டை, அலமாரி, ஆரணி என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் பெரிய பாரம் இறங்கும் என்று சொல்வார்கள். எனக்கு இறங்கவில்லை. ஏனென்றால் முதலாளி நம்பவில்லை.

“மேடம், நீங்க படிச்சவங்க. இந்தம்மா பாவம்னு எரக்கப்பட்டு உங்க மேல போட்டுக்கிறீங்க. பஸ்சுல போறதுக்கு டிக்கெட்டு வேணும், மெஷினுக்குள்ள ஏதோ கட்டறதுக்கு பஸ்சு எதுக்கு? எங்க, காட்டுங்க பாக்கலாம்.”

காட்ட என்ன இருக்கிறது? திரையைத்தான் நான் அழித்துவிட்டேனே. அந்த நிமிஷம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“மறுபடியும் ஓட்டிக் காட்டறேன், வாங்க” என்றேன்.

முதலாளி, ஸ்டெல்லா, உள்ளே நுழைய அதிகாரமே இல்லாத அந்தோணி, எல்லோரும் படியேறினார்கள். நான் உட்கார்ந்து கட்டளையைத் தட்டினேன். முதல் துண்டைக் கட்ட ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. முதலாளி ஏசிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் ஒரு யுகம். பிறகு வந்தது. ஏ, ஆர் என்று ஒரு வரி. அடுத்த வரியில் ஆரணி, வண்டி எண், நேரம், சீட்டு அச்சானது.

“பாத்தீங்களா? நான் ஆரணின்னு அடிக்கவே இல்ல. ஸ்டெல்லா கை மெஷின்லயே படல. அதுவா அடிச்சிது” என்றேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

முதலாளி குனிந்து திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார். “ஆமாம்மா. நீ அடிக்கல” என்றார். நல்ல மனுஷன், அதைச் சொல்ல அவர் தாமதிக்கவில்லை.

“மொதலாளி” என்றாள் ஸ்டெல்லா மெதுவாக. “கீழ பாய்கிட்ட யாராவது சொன்னீங்களா?”

எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஜன்னலுக்கு ஓடினோம். கீழே காதர் பாய் சீட்டைக் கொடுத்து முடித்து, விசிலும் ஊதி முடித்திருந்தார். ஆறாவது வண்டி ஷெட் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி, “டேய், நிறுத்துடா, டேய்” என்று பஸ் ஸ்டாண்டு ரோட்டில் ஓடினார். கம்பெனி முதலாளி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதை மலையனூர் ஜனம் மொத்தமும் நின்று பார்த்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தாராம். சீட்டு வந்தால் வண்டி கிளம்ப வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது என்று சொன்னவரும் முதலாளிதானே, இது ஏதோ பரீட்சை என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார். அந்த டிரைவரைத் திட்டக்கூட முதலாளிக்கு வாய் வரவில்லை.

இங்கே ஒரு நிமிஷம். எதையாவது மறுபடி செய்து காட்டுவதற்கு முன்னால் அதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எனக்குப் பிரிண்டரின் ஒயரைப் பிடுங்க இரண்டு நொடி போதும். நிரூபிக்கிற அவசரத்தில் அது தோன்றவில்லை.

ஆரணி ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டு வண்டிகளைத் திருப்பச் சொன்னோம். மிச்சம் இருந்த இரண்டு வண்டியை மலையனூருக்கும் செஞ்சிக்கும் ஓயாமல் நடையடிக்க வைத்தோம். அந்தோணி தன் கம்பெனிக்குப் போய் இரண்டு வண்டி கூடுதலாக விடச் சொல்லி, வழக்கம்போல் எங்கள் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனார். பாதி ஜனம் முதலாளியைத் திட்டிக்கொண்டு அதில்தான் ஏறியது. சாயங்காலம் ஆரணி வண்டிகள் திரும்பி வந்தன. நான்கு காலி. இரண்டில் மட்டும் ஆரணியிலும் சேத்துப்பட்டிலும் வண்டி கிடைக்காமல் நின்ற மலையனூர் ஜனம் ஏறி நிறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் முதலாளி தாடையைச் சொறிந்தார். அடுத்த மாதம் பர்மிட்டுக்கு எழுதிப் போட்டு, ஆரணியிலிருந்து அமாவாசை ஸ்பெஷல் விட்டார். யோசனை அவருடையது என்று பல பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் மறுத்துப் பேசியதில்லை.

மறுநாள் காலை என் புத்தி மறுபடி தன் வேலையைக் காட்டியது. ஸ்டெல்லாவின் ஆரணிக் கட்டளைக்கு வேறு பெயர் வைக்கலாம், உலகம் முழுக்க யூனிக்ஸில் அந்தப் பெயர் மூட்டை கட்டுகிற கருவிக்குத்தான் என்று முதலாளியிடம் போய் நின்றேன். அவர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

“ஆரணி வண்டி ஓடுனதுக்கு அப்பறம்தானே மேடம் நீங்க வந்தீங்க. இத்தினி பேரு கை அந்த ரெண்டு எழுத்துல பழகி இருக்குது. நீங்க ஒருத்தரு மாறிக்கிட்டா ஆவாதா?”

மூக்கில் குத்தினது மாதிரி இருந்தது. ஆனால் சரிதான். ஊர் நடந்துகொண்டிருக்கிற வழியில் நாம் போய் வீடு கட்டிவிட்டு வழியை மாற்று என்று சொல்லக் கூடாது. என் கம்பைலர் வேலைக்கு மட்டும் தனியாக ஒரு பயனர் பெயர் உண்டாக்கி, அதற்கு மட்டும் மெஷினோடு வந்த கருவிகளின் அலமாரியை முன்னால் வைத்து, ஸ்டெல்லாவின் அலமாரியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மற்றவர்கள் யாருக்கும் எதுவும் மாறாது. அதற்கு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். முந்தின நாள் பரபரப்பில் அதைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

அவள் வளத்தி சீட்டு அடித்துக்கொண்டே கேட்டாள். திரும்பவில்லை. முடித்துவிட்டுத்தான் நாற்காலியைத் திருப்பினாள்.

“நீங்க வந்து சொன்னீங்க. அது போதும் மேடம். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு மாசமா எம் பக்கத்துல உக்காந்து இருக்கீங்க. நான் இதுல இன்னா எழுதி வச்சிருக்கேன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கேட்டிருந்தீங்கன்னா, நேத்து ஒரு வண்டி கூட போயிருக்காது.”

புத்தகம் புத்தகமாகப் படித்தவள் நான், பக்கத்து நாற்காலியைப் படிக்கவில்லை. அவள் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னதுதான் இன்னும் வலித்தது.

என் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். “இப்ப கேக்கறேன். ஒவ்வொண்ணா சொல்லு” என்றேன். நோட்டை எடுத்து நான் எழுத, அவள் விரலை மடக்கிச் சொன்னாள். திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, ஆரணி. எல்லாம் சொல்லி முடித்தாள் என்று நினைத்தேன். “அப்பறம் ஏ, எஸ்” என்றாள்.

என் பேனா நின்றது. “ஏ, எஸ்ஸா? அது என்ன ஊரு?”

“அவலூர்பேட்ட ஸ்பெஷல் மேடம். சந்த நாளுக்கு விடுவோமே.”

பிள்ளைகளே, உங்களில் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பைலர் எழுதித் தருவதை மெஷினின் மொழிக்கு மாற்றுகிற கருவியின் பெயர் அதுதான். பழைய கம்பைலர் அதை எங்கே இருக்கிறது என்று முழு விலாசத்தோடு கூப்பிடும், அதனால் தப்பித்தோம். புதியது பெயரை மட்டும் சொல்லித்தான் கூப்பிடும். இரண்டாவது கட்டத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒருமுறை கூப்பிட வேண்டும். கோப்புகளோ நூற்றுக்கு மேல் இருந்தன. எனக்கு வியர்த்துவிட்டது, அந்த ஏசியில். அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். முந்தின நாள் நான் நிறுத்தாமல், அதே அலமாரி வரிசையோடு இரண்டாவது கட்டத்துக்கும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொன்னேன். அவலூர்பேட்டைக்கு நூறு சீட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, காதர் பாய் கையில்.

ஸ்டெல்லா விரலை மடக்கி வண்டிகளை எண்ணிப் பார்த்தாள்.

“நம்மகிட்ட அவ்ளோ வண்டி ஏது மேடம்?” என்றாள்.